எண்ணாமல் எழுதலாமா?

மும்பை ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் தமிழர்களில் பலருக்கு மராத்தி தெரியாது. இந்தியும் அரைகுறைதான். "மூச்சு முட்டுகிறது" என்று தமிழில் சொன்னால், நர்சுக்குப் புரிவது இல்லை. அவர்களுக்காகப் பேசுவது, கட்டிலில் தொங்கும் அட்டைதான்.

உடல் சூடு, நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நர்சுகள் அளந்து அந்த அட்டையில் குறிக்கிறார்கள். இப்போது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவும் சேர்ந்திருக்கிறது. எண்ணுக்கு மொழி கிடையாது. எந்த மாநிலத்து டாக்டரும் படித்துக் கொள்ளலாம். ஆனால், அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும்!

மற்றவற்றைக் கருவி காட்டி விடும். சாதாரண வார்டில் மூச்சை மட்டும், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வயது வந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரியான அளவு. நோய் முற்றும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இதுதான். பிரிட்டனில் 2012-ம் ஆண்டு வகுக்கப்பட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அதற்கு உச்ச அளவான 3 மதிப்பெண் போடுகிறார்கள்.

இவ்வளவு முக்கியமான கணக்கைப் பல வார்டுகளில் எண்ணுவதே இல்லை. வரிசையாக எல்லோருக்கும் "20" என்று எழுதி விடுகிறார்கள். பல நாடுகளிலும் உள்ள குறை இது. சரக்கை எடை போடாமல் ரசீது எழுதினால், குமாஸ்தாவின் வேலை போய்விடும். இங்கே போவது உயிர்!

நர்சுகள் மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஒரே நர்சிடம் 40 பேரை ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு 5 நிமிடம் என்றாலும் 200 நிமிடம் ஆகிறது. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்றால், மிச்சம் இருப்பது 40 நிமிடம்தான். ஊசி, மருந்து, குளுக்கோஸ் எல்லாவற்றையும் அதற்குள் எப்படிக் கவனிப்பது?

அதனால்தான் வேலை கை மாறுகிறது. பயிற்சி மாணவி அளக்கிறார், ஆயா அளக்கிறார். சில இடங்களில் நோயாளியின் மனைவியிடமே தெர்மாமீட்டரைக் கொடுத்து விடுகிறார்கள். நிலைமை சீராக உள்ள நோயாளிக்கு, பயிற்சி பெற்ற உதவியாளர் அளப்பதில் தவறு இல்லை. ஆனால், ஆபரேஷன் முடிந்து வந்தவரையும், ரத்தம் ஏற்றப்படுபவரையும் நர்சே பார்க்க வேண்டும். அளக்கும் வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது.

காலி நர்சு இடங்களை நிர்வாகங்கள் உடனே நிரப்ப வேண்டும். அளந்த நேரமும், அளந்தவர் கையெழுத்தும் அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நோயாளிக்குத் துணையாக இருக்கும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. மூச்சு வேகமாக இழுத்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நர்சிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். மராத்தியில் "தம் லாக்தோ" என்றால் போதும்.

எண்ணி எழுதிய எண்தான் உயிரைக் காக்கும்!