பிழைப் பதிவேடு யார் கையில் இருக்க வேண்டும்?

பில் போடும் கம்ப்யூட்டர் வந்தபின் சிட்டையும் நாள்வழியும் பேரேடும் பல கடைகளில் பரண் ஏறிவிட்டன. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய கணக்குப்பிள்ளை தவறான தொகையைச் சுரண்டி அழிக்க மாட்டார். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவார். அடித்த எண்ணையும் முதலாளி படிக்கலாம். கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டுக்கு ஈடானதுதான் 'லாக்' எனப்படும் பதிவு. அதில் எவ்வளவு விவரம் இருக்க வேண்டும் என்பதை சாஃப்ட்வேர்காரரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல.

பிரிட்டனில் நடந்ததை நம் வணிகர்கள் அறிய வேண்டும். அங்கே கிளைத் தபால் நிலையங்கள் பலவற்றை நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்களே தங்கள் கடையோடு சேர்த்து நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு சாஃப்ட்வேர் தரப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. கணக்கு முடித்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பவுன் குறைவதாகத் திரை காட்டும். ஏன் குறைகிறது என்று காட்டாது. குறைந்ததைக் கடைக்காரர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி 2010 நவம்பரில் கர்ப்பிணியாகவே சிறை சென்றார்.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. 'தெரிந்த பிழைகளின் பதிவேடு' என்றே ஒன்றை ஃபுஜிட்சு பொறியாளர்கள் வைத்திருந்தார்கள். கடைக்காரர் கண்ணில் மட்டும் அது படவில்லை. ஆலன் பேட்ஸ் என்ற கடைக்காரர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து வழக்காடினார்கள். ஹொரைசனின் பிழைகளால் கணக்கில் பற்றாக்குறை வரக்கூடும் என்று 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். 2024 மே மாதம் தனிச்சட்டம் இயற்றித்தான் நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

நம் கடைகளில் என்ன நிலை? இருநூறு பில் போட்ட நாளில் திரையில் 'எரர்' என்று ஒரு சொல் வரும். விற்றவருக்குப் போன் செய்தால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணாச்சி" என்பார். பில் பதிவானதா, சரக்கு இருப்பில் இருமுறை கழிந்ததா என்று யார் சொல்வது? தேதி, நேரம், எந்த மிஷின், எந்தப் பையன், எந்த பில் எண், பழைய தொகை, புதிய தொகை, எந்த வேலையின் நடுவே நின்றது, இவ்வளவும் பதிவாக வேண்டும். பொறியாளருக்கான குறியீடுகள் ஒருபுறம் இருக்கட்டும். முதலாளிக்குப் புரியும்படி தமிழில் ஒரு வரியும் வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள் என்பதும் ஆபத்தே. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடி வாடிக்கையாளர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. காரணம், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவாகிவிட்டன. வாடிக்கையாளரின் கார்டு எண்ணும் ரகசிய எண்ணும் பிழைப் பதிவில் இருக்கக் கூடாது. தேவையற்றதைக் குவித்தால் பழைய கம்ப்யூட்டர் மாலை நேரக் கூட்டத்தில் திணறும், படிப்பாரும் இருக்க மாட்டார்.

2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அப்பதிவை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கக் கூடாது என்பது விதி. தனிநபர் கடைக்கும் பங்குதாரர் கடைக்கும் அந்த விதி இல்லை. 'நமக்கில்லையே' என்று மகிழ்வோர் உண்டு. நம் கருத்து வேறு. ஊழியர் பில்லை அழித்தாலும், சாஃப்ட்வேரே சொதப்பினாலும், நமக்குச் சாட்சி அந்தப் பதிவுதான். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கிறோம். பிழைப் பதிவையும் அதோடு சேர்த்து வைக்கலாம்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, 'பதிவின் நகல் கடைக்காரரிடம் இருக்கும். கேட்டால் விளக்கம் தரப்படும்' என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒருவராகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கத்தின் மூலம் கடைவீதி முழுவதும் கேட்டால் மறுப்பது கடினம்.