அப்பா ஊருக்கு ஒரு வெண்கலம்

வெளியூர்ல பிள்ளை வளர்க்கிற நமக்கெல்லாம் பழகிப்போன கேள்வி: "இது எந்த ஊர்ப் பிள்ளை?" கேட்கிறவங்க ஒரே ஒரு பதிலைத்தான் எதிர்பார்ப்பாங்க. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஏன்னு சொல்ல, பெஞ்சமின் பூக்பெட்டியைத் துணைக்குக் கூப்பிடுறேன்.

யார் அவர்னு கேட்கிறீங்களா? ஸ்லாலம் கயாக் வீரர். சீறிப் பாயற தண்ணியில, மேலே ஜோடி ஜோடியாத் தொங்கற கம்புகளுக்கு நடுவுல புகுந்து புகுந்து படகைக் கொண்டு போகணும். பச்சைக் கம்புன்னா ஓட்டத்தோட. சிவப்புன்னா திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து. கம்புல பட்டா 2 விநாடி அபராதம். ஒரு ஜோடியைத் தவறவிட்டா 50 விநாடி. அதோட கதை முடிஞ்சது!

1981இல் பிரான்சில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர், அப்பா மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோக்காரர். வளர்ந்ததும் துடுப்புப் பிடிச்சதும் பிரான்சில். சின்ன வயசுல டோகோவுக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கார். ஆனா ஒலிம்பிக்ஸில் டோகோவுக்காக இறங்கினார். 2004 ஏதென்ஸில் அரையிறுதியோட சரி. 2008 ஆகஸ்ட் 12, பெய்ஜிங்கில் வெண்கலம். தங்கம் ஜெர்மனியின் அலெக்சாண்டர் கிரிம்முக்கு, வெள்ளி பிரான்சின் ஃபாபியன் லெஃபேவ்ருக்கு. சந்தோஷத்தில் துடுப்பைப் படகுல அடிச்சு ரெண்டா உடைச்சாரே, பார்க்கணும்! டோகோவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2024 பாரிஸ் வரைக்கும் அந்த ஒண்ணுதான்.

"பிரான்ஸ் அணியில் இடம் கிடைக்காது, அதான் அப்பா நாட்டுக் கொடியைப் பிடிச்சார்"னு சொல்லலாம். 2004இல் இதே பிரிவில் தங்கமும் வெண்கலமும் பிரான்ஸுக்குத்தான் போச்சு. அந்த அணியில் இடம் குதிரைக் கொம்புதான், ஒத்துக்கிறேன். அவரை உருவாக்கினது டோகோ இல்லை, பிரான்ஸின் தண்ணியும் பயிற்சியும்தான். அதையும் ஒத்துக்கிறேன். ஆனா தொங்கற கம்பு கொடியைப் பார்த்து வழி விடுமா? பெய்ஜிங்கில் துடுப்புப் போட்டது அவர் கைதானே. அப்பாவோட நாடு கொண்டாடினதிலும், அம்மாவோட நாடு கத்துக்கொடுத்ததிலும் பொய் எதுவும் இல்லையே.

என் பொண்ணு புனேயில் நாலாவது படிக்கிறா. சண்டை மராத்தியில், அழுகை தமிழில். மன்னார்குடிக்கு வருஷத்துக்குப் பத்து நாள் போவோம். அங்கே அவ "புனேப் பொண்ணு", இங்கே "மதராஸி". ரெண்டு பக்கமும் அவளுக்குப் பரீட்சை வெச்சுக்கிட்டே இருக்காங்க. தமிழ் எழுதத் தெரியுமா, இங்கே மழைக்குப் பாட்டுத் தெரியுமான்னு. பாவம், எத்தனை பரீட்சைதான் எழுதும் அந்தக் குழந்தை?

என் கட்சி இதுதான்: ரெண்டு ஊரையும் பிள்ளைக்குக் கொடுத்துடுங்க, பாத்தியதையை நிரூபிக்கச் சொல்லாதீங்க. எதை எப்போ எடுத்துக்கணும்னு அவங்க முடிவு பண்ணட்டும். அதுக்காக நாம கையைக் கட்டிக்கிட்டு இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. வீட்டில் தமிழ் பேசணும், தாத்தா பாட்டியைக் காட்டணும், பக்கத்து வீட்டு மொழியையும் மதிக்கணும். சின்ன வயசுல ஒரே ஒரு தடவை பார்த்த ஊரைக்கூட ஒரு பிள்ளை இருபத்தேழு வயசுல தன்னோடதுன்னு சொல்லிக்கலாம். வருஷம் பத்து நாள்ங்கிறது ஒண்ணும் குறைச்சல் இல்லைங்க :)