கம்பியும் காட்சியும்

விலை மிகுந்த பொருளே குணத்திற் சிறந்தது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றி நிற்கின்றது. இவ்வெண்ணத்தால் விற்போர்க்கு ஆதாயமும் வாங்குவோர்க்கு நஷ்டமும் விளைவதை, வீடியோ விளையாட்டுக் கருவியை டெலிவிஷனோடு இணைக்கும் கேபிளிற் காணலாம். கேவலம் ஒரு கம்பியைப்பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். பௌதிக வகுப்பில் மின்குறிகளின் இயல்பைக் கற்கும் நாம், கடைத்தெருவில் அப்பாடத்தை மறந்து, பெற்றோர் பாடுபட்டுத் தேடிய பணத்தைப் பொன்முலாமுக்குக் கொடுத்து வருவோமாயின், அக்கல்வியால் விளைந்த பிரயோஜனம் யாது? ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் தகும்.

கேபிள்கள் இருவகைப்படும். அவற்றுள் முதல்வகை, ஏறியிறங்கும் மின்னலையாகக் காட்சியைக் கொண்டுசெல்லும் அனலாக் கேபிள்கள். இவற்றுள் மிக எளியது காம்போஸிட் என்பது. மஞ்சள் முனை காட்சிக்கும், வெள்ளை, சிவப்பு முனைகள் ஒலிக்கும் உரியன. ஒளியின் அளவும் நிறமும் ஒரே குறியிற் கலந்து செல்வதால், டெலிவிஷன் அவற்றை மீளவும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. பாலும் நீரும் கலந்தபின் பிரித்தற்கு அன்னம் வேண்டும், டெலிவிஷனோ அன்னமன்று. ஆகவே உருவங்களின் ஓரங்களில் நிறம் கசிவதும், சிறு புள்ளிகள் ஊர்வதும் நேர்கின்றன. எஸ்-வீடியோ என்னும் கேபிள் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே கொண்டுசெல்லும். காம்பொனன்ட் கேபிளோ பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று முனைகளால் காட்சியை மூன்று குறிகளாகப் பகுத்து அனுப்பும். ஐரோப்பிய நாடுகளில் வழங்கிய ஸ்கார்ட் என்னும் 21 முனை இணைப்பு, மூவண்ணங்களையும் தனித்தனியே செலுத்தவல்லது. இவ்வகையில் கேபிளை மாற்றினால் காட்சி மெய்யாகவே மாறும்.

2006-ஆம் ஆண்டில் வெளிவந்த நிண்டெண்டோ வீ என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதனுடன் அளிக்கப்பெற்ற காம்போஸிட் கேபிள், 480 வரிகளை ஒன்றுவிட்டொன்றாக இருமுறையில் அனுப்பிற்று. காம்பொனன்ட் கேபிளை இணைத்தாலோ அவ்வரிகள் யாவும் ஒரே முறையிற் சென்றன. அக்கேபிளுக்குக் கொடுத்த பணம் வீணன்று. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ப்ளேஸ்டேஷன் 3 கருவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தும், பெட்டியினுள் அதற்குரிய கேபிள் வைக்கப்படவில்லை. காம்போஸிட் கேபிளே இருந்தது. 1080 வரிகளைக் காட்டவல்ல டெலிவிஷனைப் பெருவிலை கொடுத்து வாங்கியவரும், அக்கேபிளையே இணைத்தவரையில் பழைய காட்சியையே கண்டனர். ஆகவே, கருவி எதனைத் தருகின்றது, டெலிவிஷன் எதனை ஏற்கின்றது என்னும் இவ்விரண்டையும் அறியாமல் கேபிளை வாங்குதல் கண்ணைக் கட்டிக்கொண்டு வழிநடப்பதை ஒக்கும்.

நிற்க. இரண்டாவது வகை டிஜிட்டல் கேபிள். 2002-ஆம் ஆண்டில் முதல் விதிமுறை வெளியிடப்பெற்ற எச்.டி.எம்.ஐ. இவ்வகையினது. இது காட்சியையும் ஒலியையும் ஒன்று, சுன்னம் என்னும் எண்களாக அனுப்புகின்றது. எண்கள் பிழையின்றிச் சேருமாயின் காட்சி முழுமையாகத் தோன்றும். சேராவிடில் திரையில் பொறிகள் பறக்கும், அல்லது திரை இருண்டுவிடும். சிவப்பு இன்னும் செழுமையாகத் தோன்றும், கறுப்பு இன்னும் ஆழமாகத் தோன்றும் என்று விற்போர் கூறுவதற்கு இங்கே இடமேயில்லை. பொன்முலாம் முனைகளில் துருவேறாமற் காக்குமேயன்றிப் படத்திற்கு வண்ணம் கூட்டாது.

இவ்வகையிற் கவனிக்கத்தக்கது கேபிளின் வேகத் தரம் ஒன்றே. ஃபோர்-கே காட்சியை வினாடிக்கு 60 முறை அனுப்புதற்கு, வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் போதும். 120 முறை அனுப்புதற்கு 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட் என்னும் தரம் ஏற்பட்டிருக்கின்றது. 2020-இல் வெளிவந்த ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய கருவிகளின் பெட்டியிலேயே இதற்கேற்ற கேபிள் வைக்கப்பெற்றுள்ளது. அவற்றை வாங்குவோர் வேறு கேபிளுக்காகக் கடையேறவே வேண்டுவதில்லை. 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் டெலிவிஷனுக்கு அனுப்புவது 1080 வரிகளுக்கு மேற்படாதாகலின், அதற்கு மிகவுயர்ந்த தரத்தை வாங்கினும் எள்ளளவும் பயனில்லை.

விலையுயர்ந்த கேபிள் நெடுநாள் உழைக்குமே என்பர் சிலர். உறுதியான முனையும் தடித்த உறையும் நல்லனவே. அவற்றிற்காகச் சிறிது மிகுதியாகக் கொடுத்தலையும் நாம் மறுக்கவில்லை. தூரம் மிகுந்த இடங்களில் செப்புக் கம்பியிற் குறி தளர்வதால், ஒளியிழைக் கேபிளுக்குப் பணம் செலவிடுதலும் நியாயமே. எனினும் இவை உழைப்பையும் நீளத்தையும் பற்றிய காரணங்களேயன்றி, காட்சியின் அழகைப் பற்றியவை அல்ல. இவ்விரண்டையும் குழப்புவதிலேயே வியாபார தந்திரம் அடங்கியிருக்கின்றது. அவ்வாறே, காம்போஸிட் குறியை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டியை வாங்கினால் பழைய கருவி புதுக்காட்சி தரும் என்று நம்புதலும் தவறு. அது துளைக்கேற்ப முனையை மாற்றுமேயன்றி, முன்னமே கலந்து கெட்டதைத் திருத்தித் தராது.

ஆதலின் நம் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. முதலிற் கருவியையும் டெலிவிஷனையும் நோக்குங்கள். இரண்டிற்கும் பொதுவான இணைப்புகளுட் சிறந்ததைத் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டலாயின் தேவையான வேகத் தரத்தையும் நீளத்தையும் மட்டும் கேளுங்கள். ஐயம் எழுமாயின், ஒரே தரத்தனவாகிய மலிவான கேபிளையும் விலையுயர்ந்ததையும் நண்பர் ஒருவர் மறைவாக மாற்றி மாற்றி இணைக்க, எது எதுவென்று சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலாதாயின் விலையின் மிகுதிக்குக் காரணமில்லை என்பது வெளிப்படை. கண்டறிந்து நம்புதலே விஞ்ஞானம் நமக்குப் பயிற்றும் நெறி. சில நூறு ரூபாய்ப் பொருளில் அந்நெறியைக் கைவிடுவோர், பெரிய காரியங்களில் அதனைக் கைக்கொள்வர் என்று நாம் எங்ஙனம் எதிர்பார்ப்பது?