அம்மா அப்பாவின் அமெரிக்கப் பயணமும் ஒரு லட்சம் டாலர் பாலிசியும்

மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ 68 வயது அம்மாவும் 72 வயது அப்பாவும் நியூ ஜெர்சிக்குக் கிளம்புகிறார்கள். ஆறு மாதத்துக்கான சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, பிரசவ லேகியம், சாம்பார்ப் பொடி எல்லாம் பெட்டியில் ஏறிவிடும். காப்பீடு கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். மகனோ மருமகனோ இணையத்தில் தேடி, ‘ஒரு லட்சம் டாலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாலிசிகளில் விலை குறைந்த ஒன்றை வாங்கிவிடுவார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு கைக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுவிட்டு உள்பக்கங்களைப் புரட்டினால் வேறொரு பாலிசி தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று பல இந்தியப் பாலிசிகளில் தனி அட்டவணை இருக்கிறது. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு; இதைத்தான் சப்-லிமிட் என்பார்கள். முகப்பில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்கும்; அதை எட்டுவதற்கான வழிகள்தான் அடைக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் செலவு பல பாலிசிகளில் முற்றிலும் விலக்கு. சிலவற்றில், உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்குவரை தருவார்கள்.

அமெரிக்கச் சந்தையில் வருகையாளர்களுக்கு விற்கப்படும் பாலிசிகளிலும் இதே கதைதான். அவற்றில் ஒரு வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே குறித்த தொகையை மட்டும் தரும். மிச்சம் எவ்வளவு ஆனாலும் குடும்பத்தின் பொறுப்பு. இன்னொரு வகை, டிடக்டிபிள் எனப்படும், முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை போக, பில்லின் பெரும்பகுதியை ஏற்கும். முதல் வகையின் விலை குறைவு என்பதால் பெற்றோருக்கு அதுவே அதிகம் வாங்கப்படுகிறது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மொத்தக் காப்பே பத்தாயிரம் டாலர் அளவுக்குச் சுருங்கிவிடும் திட்டங்களும் உண்டு. அமெரிக்க ஐசியூவில் அது சில நாள்களுக்குக்கூடத் தாங்காது.

பழைய நோய் திடீரென்று தீவிரமானால் பணம் தருவோம் என்று சொல்லும் பிரிவு ஒன்று இந்தப் பாலிசிகளில் விளம்பரமாகவே இடம்பெறும். அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். பாதிப்பு எதிர்பாராமல் வந்திருக்க வேண்டும். முன்னறிகுறி எதுவும் இருந்திருக்கக் கூடாது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். பல திட்டங்களில் இந்தச் சலுகை 70 அல்லது 80 வயதோடு முடிந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெஞ்சில் அடைப்பதுபோல் இருந்தால் முதலில் அது வாயு. ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று இரண்டு நாள் சொல்லாமலே இருப்பார். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் போகும்போது ‘வலி எப்போது தொடங்கியது’ என்று கேட்பார்கள். ‘முந்தாநாள்’ என்று அவர் சொல்லும் உண்மையான பதில் மருத்துவக் குறிப்பில் ஏறும். கிளைம் அங்கேயே விழுந்துவிடும்.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உடல்நிலையைச் சீர்ப்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே உயிரைக் காப்பாற்ற முயல்வார்கள். பில் பிறகு தபாலில் வரும்.

இந்த ஏற்பாட்டின் கணக்கைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஆறு மாதம் அமெரிக்கா போகும் எழுபது வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 12 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், சராசரி பில் 40,000 டாலர் என்றால் மொத்தச் செலவு 4,80,000 டாலர். தலைக்கு 480. நிர்வாகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், மறுகாப்பீடு, லாபம் ஆகியவற்றுக்குப் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் ஒருவரிடம் 720 டாலர் வாங்க வேண்டும். இப்போது அந்த 12 பேரில் ஒன்பது பேரின் சிகிச்சை பழைய நோயால் வந்தது என்று விலக்கிவிட்டால், அதே பாலிசியை 180 டாலருக்கு விற்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால் மலிவு விலை எங்கிருந்து வருகிறது என்பதை இவை காட்டும்.

அந்த ஒன்பது பேர் அபூர்வமானவர்களும் அல்ல. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது அந்த ஆய்வு. இருபது வயது இளைஞர்களையும் சேர்த்துக் கிடைத்த சராசரி இது. எழுபது வயதில் சுகரும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் விமானம் ஏறுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பழைய நோயை விலக்கிவிட்டு முதியவருக்கு விற்கும் பாலிசி, அவருக்கு எது நேர வாய்ப்பு அதிகமோ அதைத்தான் விலக்குகிறது.

காப்பீட்டு நிறுவனங்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துப் பேசியதற்காகப் புகழ்பெற்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கியக் காரணம். அதே கட்டுரையில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொண்டார். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது வாங்குபவருக்குத்தான் நன்றாகத் தெரியும். விலையை ஏற்ற ஏற்ற, ஆரோக்கியமானவர்கள் விலகிக்கொள்வார்கள். நோய் முற்றியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதனால் விலையை மேலும் ஏற்ற வேண்டிவரும், ஒரு கட்டத்தில் சந்தையே இல்லாமல் போகும்.

ஆனால் இதற்கு மருந்து விலக்குப் பட்டியல் ஒன்றுதானா? நோயை முன்கூட்டியே கேட்டறிந்து அதற்கேற்ற விலை சொல்வது இன்னொரு வழி. பிரிட்டனில் அது பரவலான நடைமுறை. பாலிசி வாங்கும்போதே என்ன நோய், எப்போது கண்டறிந்தது, எத்தனை மாத்திரை, கடைசியாக எப்போது மருத்துவமனையில் இருந்தார் என்று வரிசையாகக் கேட்பார்கள். பதிலுக்கேற்ப விலை ஏறும். ஏறிய விலையைக் கட்டினால் அந்த நோய்க்கும் காப்பு உண்டு. அங்கே 2012இல் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கமும் தரகர் சங்கமும் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வயதைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பயணக் காப்பீடு மறுத்தால், அவருக்குத் தரக்கூடிய வேறு நிறுவனத்தையோ வழியையோ காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் தீவிர நோய் உள்ளவர்களுக்கும் இதை நிதிச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பே விதியாக்கியது. ஒரு கதவைச் சாத்துகிறவர் அடுத்த கதவைக் காட்டிவிட்டுத்தான் சாத்த வேண்டும் என்ற இந்த ஏற்பாடு நமக்கு உடனே வேண்டும்.

கனடாவின் அனுபவம் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் பிள்ளைகளிடம் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோர் வர உதவும் சூப்பர் விசா 2011 டிசம்பரில் வந்தது. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் அந்த விசா கிடைக்கும். இப்படிக் கட்டாயமாக்கியதால் ஆரோக்கியமானவர்களும் வாங்குகிறார்கள். அகெர்லாஃப் சொன்ன சரிவு ஓரளவு தடுக்கப்படுகிறது. பழைய நோயும் காப்புக்குள் வரலாம், ஆனால் குறிப்பிட்ட மாதங்களாக அது ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும். இடையில் மாத்திரையின் அளவு மாறியிருந்தால் அது நிலையான நோய் அல்ல. பல பாலிசிகளில் அளவைக் குறைத்தாலும் மாற்றம்தான். சுகர் கட்டுக்குள் வந்ததென்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தால் அதற்காகக் காப்பு பறிபோகிறது. உடம்பைத் தேற்றிக்கொண்டு பயணம் கிளம்பும் பெரியவரைத் தண்டிக்கும் இந்த விதியை இந்தியாவில் எவரும் காப்பியடிக்கக் கூடாது.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவிலும் காப்பீடு கட்டாயம்; குறைந்தபட்சக் காப்பு 30,000 யூரோ. 2004 முதல் அந்த எண் மாறவே இல்லை. மருத்துவச் செலவு அப்படி நிற்கவில்லை. சவுதி அரேபியா வேறு பாதையில் போகிறது. வெளிநாட்டு உம்ரா பயணிகளுக்கான காப்பீட்டை விசாவோடு சேர்த்து வாங்க வைக்கிறது. 2023 ஜனவரியில் அதன் கட்டணத்தை 235 ரியாலிலிருந்து 87 ரியாலாகக் குறைத்தது. பயணிகள் எல்லோரும் ஒரே குடையின் கீழ் வருவதால் முதியவரின் சுமை பலர் தலையில் பிரிகிறது. உம்ராவுக்குப் போகும் கீழக்கரை, காயல்பட்டினத்துப் பெரியவர்களுக்கு இதன் பலன் கிடைக்கிறது.

இந்தியாவில் 2024 மருத்துவக் காப்பீட்டுக்கு நல்ல ஆண்டு. காப்பீடு எடுக்க 65 வயது வரம்பு தேவையில்லை என்றது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ. பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் முன்கூட்டி ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஆனால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் பயணப் பாலிசிக்கு மூன்றாண்டுக் காத்திருப்பால் என்ன பயன்? ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பாலிசியை மனத்தில் வைத்து எழுதிய சலுகைகள், ஒரே ஒரு பயணத்துக்கு வாங்கும் முதியவரைத் தொடுவதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எழுபது வயதுக்காரரின் பாலிசிக்கு முப்பது வயதுக்காரரைவிடப் பல மடங்கு விலை வைப்பதில் அநியாயம் இல்லை. விலை குறைய வேண்டும் என்று மட்டும் அழுத்தம் தந்தால், நிறுவனங்கள் விலையைக் குறைத்துவிட்டு இன்னும் நான்கு சப்-லிமிட்டைச் சேர்க்கும். முழு விலையைச் சொல்லட்டும், காப்பும் முழுதாக இருக்கட்டும். 720 டாலர் கட்ட முடியாத குடும்பம் மூன்று மாதத்தில் திரும்பலாம், அல்லது டிடக்டிபிளை ஏற்றிக்கொள்ளலாம். உள்ளீடற்ற பாலிசியை நம்பிப் போகும் குடும்பத்துக்கு அந்தத் தேர்வுகூட இல்லை.

டிடக்டிபிள் விஷயத்தில் வாங்குபவர்களும் மாற வேண்டும். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் ஆகும் முந்நூறு டாலரை அங்கே வேலை பார்க்கும் பிள்ளையால் சமாளிக்க முடியும். மாரடைப்பு, பக்கவாதம், குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவது ஆகியவைதான் குடும்பத்தைக் கவிழ்ப்பவை. ஆகவே முதல் ஆயிரம் டாலரைத் தாங்கிக்கொண்டு, அதற்கு மேல் வருவதற்கு வலுவான காப்பு வாங்குவதே முதியவர்களுக்குப் பொருந்தும். இன்று விற்பனையாகும் பாலிசிகள் பல இதற்கு நேர்மாறானவை. பெட்டி தொலைந்தால் பணம், விமானம் தாமதமானால் பணம் என்று கீழ்மட்டத்தில் தாராளம். பெரிய பில் வரும் இடத்தில் வரம்பு.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றை அங்கே மருத்துவமனை வலைப்பின்னலோடு எளிதாகப் பயன்படுத்தலாம். இந்திய நிறுவனத்தின் பாலிசியில் சிக்கல் வந்தால், நிறுவனம் ஒரு மாதத்தில் தீர்க்காதபோது, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய்வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அமெரிக்காவில் வாங்கிய பாலிசிக்கு அந்தக் கதவு இல்லை.

ஐஆர்டிஏஐயிடம் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2020இல் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுவான பாலிசியை எல்லா நிறுவனங்களும் விற்க வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘பாரத் யாத்ரா சுரக்ஷா’ என்ற பெயரில் பொதுவான பயணக் காப்பீட்டுக்கு வரைவும் வெளியிட்டது. அந்த அடித்தளத்தில் அறுபதைத் தாண்டியவர்களுக்கென ஒரு பாலிசியைக் கட்டலாம். சப்-லிமிட் இருக்கக் கூடாது. சொல்லி வாங்கிய பழைய நோயின் அவசர சிகிச்சை முழுத் தொகைவரை காப்புக்குள் வர வேண்டும். திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையை விலக்கலாம், அது நியாயம். முன்னறிகுறி இருந்ததா என்று துருவும் பிரிவு இருக்கக் கூடாது. வாடிக்கையாளருக்குத் தரும் தகவல் தாளின் முதல் பக்கத்தில், இவருடைய வயதில், இவருடைய நோயோடு, மாரடைப்பு வந்தால் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று தமிழில் ஒரே வரியில் அச்சிட வேண்டும்.

கூடவே, அறுபது வயதைத் தாண்டிய பயணிகளிடம் வாங்கிய பிரீமியத்தில் நூறு ரூபாய்க்கு எவ்வளவு கிளைமாகத் திரும்பியது, எத்தனை கிளைம் பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது என்று நிறுவனவாரியாக, ஐந்து வயது இடைவெளியில், ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லலாம். எழுபதாவது பிறந்தநாள் முடிந்த மறுநாளே பிரீமியம் தாவுவதற்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா என்பது முதல் ஆண்டுக் கணக்கிலேயே தெரியத் தொடங்கும்.