கரண்ட் போனால் பேயும் போய்விடும்!

பேய்க்கதையைப் படித்துவிட்டு ராத்திரி தனியாக வெளியே போகப் பயப்படாதவர் நம்மில் யாராவது உண்டா? நானும் அந்த ரகம்தான். இந்த விடுமுறையில் அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும்!

கதை இதுதான். ஒரு பழைய மாளிகையில் பேய் இருக்கிறதா என்று ஆராய டாக்டர் மாண்டேக் வருகிறார். துணைக்கு வருகிறவர்களில் ஒருத்தி எலினார். நோயாளித் தாயைப் பதினொரு வருஷம் கவனித்தே இளமை போனவள். சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. ராத்திரியில் கதவு இடிபடுகிறது. சுவரில் அவள் பேர் எழுதியிருக்கிறது. டாக்டர் எல்லாவற்றையும் குறிப்பெடுக்கிறார். ஆனால் அவள் மனசு உடைந்துகொண்டே போவதை யாரும் நின்று கேட்கவில்லை. பேய் இருந்தது வீட்டிலா, அவள் மனசிலா? ஆசிரியை கடைசிவரை சொல்லவே இல்லை.

இது என்னை ஏன் பிடித்துக்கொண்டது தெரியுமா? சோமனூரில் நாங்கள் குடியிருப்பதே ஒரு 'பேய் வீடு'தான்! முன்பு அங்கே இருந்த ஓர் அக்கா உயிரை விட்டுவிட்டாராம். அதனால் வாடகை குறைவு. அப்பா தறி ஓட்டும் கூலியில் என் ஃபீஸும் கட்ட வேண்டுமே! குடி வந்தோம். முதல் வாரமே ராத்திரியில் பாத்திர அலமாரி கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தது. "நான் அப்பவே சொன்னனல்ல கண்ணு" என்று அம்மா அழுதார். மந்திரிக்க ஆள் கூப்பிட, தோட்டை அடகு வைக்கலாம் என்று பேச்சு வந்தது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். பேய் வீடு என்றால் நேரில் போய் ஆராய்வார். மோசடிக்கு இடமில்லாமல் அற்புத சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை யாரும் ஜெயிக்கவில்லை.

நானும் ஒரு நோட்டை எடுத்து, சத்தம் வரும் நேரத்தை ஏழு நாள் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லை. கரண்ட் போனால் சத்தமில்லை! கரண்ட் வந்து, ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடோனில் தறி ஓடினால் பேயும் வந்துவிடும்! பகலில் தெரு முழுக்கத் தறிச் சத்தம் என்பதால் தெரியவில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, காலுக்கடியில் பழைய ரப்பர் துண்டு கொடுத்தேன். அவ்வளவுதான். தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற இன்ஜினியருக்கும் இதே கதைதான். ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. வைஸில் மாட்டிய மெல்லிய வாள் தானாக ஆடியது. காரணம், புதிதாக மாட்டிய ஃபேனின் சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு என்று 1998இல் எழுதினார்.

ஆனால் நண்பர்களே, சத்தத்துக்குக் காரணம் தெரிந்ததும் நான் நோட்டை மூடிவிட்டேன். டாக்டர் மாண்டேக் செய்த தப்பையே நானும் செய்திருக்கிறேன் என்பது எலினாரைப் படித்த பிறகுதான் உறைத்தது. கோவூர் பேய் பிடித்ததாக வந்தவர்களை உட்கார வைத்து, அவர்கள் கஷ்டத்தையும் கேட்டவர். நான் கேட்கவில்லையே!

தெருவில் கேட்டேன். அந்த அக்கா பேயாக வந்து செய்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிகிறது. ஏன் செத்தார் என்றால், "அதெல்லாம் எதுக்குங்க தம்பி?" என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆத்தா மட்டும் சொன்னார்: "கடன் சாமி. வாங்குன முன்பணம் கழியவே இல்ல. ஆருகிட்டப் போய்ச் சொல்லுவா?"

பேய் என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே வராது பாருங்கள்! கடன் கொடுத்தவருக்கும் வசதி, கேட்காமல் இருந்த தெருவுக்கும் வசதி.

பேய் நாவல் படியுங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் உங்கள் ஊரிலும் ஒரு பேய் வீடு இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது? செத்தவர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார்? முதல் கேள்விக்கு நம் டிப்ளமோ படிப்பு போதும். இரண்டாவதைப் பேய் வருவதற்கு முன்பே, பக்கத்து வீட்டில் உயிரோடு இருப்பவரிடம் கேட்டுவிடுவோமே!