டெண்டரோடு நின்றுவிடும் வெளிப்படைத்தன்மை: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: பொதுப்பணி ஒப்பந்தங்களின் விவரங்களைக் கடைசி பில் வரை திறந்த தரவாக வெளியிடக் கோருதல்.



அணுபுரம் அணுசக்தித் துறையின் குடியிருப்பு. ஆனால் வளாகத்தை விட்டு வெளியே வந்தால், திருக்கழுக்குன்றம் போனாலும் சதுரங்கப்பட்டினம் போனாலும், நாங்கள் நம்பியிருப்பது மாவட்டத்தின் சாலைகளையும் கால்வாய்களையும்தான். அவற்றுக்கான ஒப்பந்த விவரங்கள் எவரும் எடுத்து ஒப்பிடக்கூடிய வடிவில் வெளிவர வேண்டும் என்று எங்கள் சங்கம் கோருகிறது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென 1998-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. டெண்டர் அறிவிப்பையும், வேலையை எடுத்தவர் பெயரையும் தொகையையும் அரசின் இணையதளத்தில் பார்க்க முடிகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே, கேப்ட்சா எழுத்துகளைத் தட்டித்தான் திறக்க வேண்டும். நூறு வேலைகளை ஒரே பட்டியலாக இறக்கிக்கொள்ள வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, வேலை உத்தரவுக்குப் பின் நடப்பது அங்கே இல்லாததுதான். எத்தனை முறை கெடு நீட்டிக்கப்பட்டது, மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு கூடியது, முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக்கில் பதிந்த அளவு என்ன? பணம் கசியக்கூடிய இடம் இதுதான்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பதில் தர அச்சட்டம் தரும் அவகாசம் 30 நாள். அதற்குள் தார் விழுந்துவிட்டால், அடியில் எத்தனை சென்டிமீட்டர் சல்லி போட்டார்கள் என்பதை அளக்க மறுபடியும் சாலையைத்தான் வெட்ட வேண்டும். மேலும், கேட்காமலே வெளியிடச் சொல்வது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வணிக ரகசியம் என்ற காரணமும் நிற்காது: அரசு கொடுத்த தொகையும் வாங்கிய அளவும் எந்த நிறுவனத்தின் ரகசியமும் அல்ல.

யோசிக்க வேண்டிய ஆட்சேபம் ஒன்று உண்டு. விலைகள் வெளியே தெரிந்தால் ஒப்பந்ததாரர்கள் கூட்டுச் சேர வசதியாகிவிடாதா? ஏலம் முடியும் முன் விலை தெரிந்தால் அந்த ஆபத்து உண்மையே. அதை நாங்கள் கேட்கவில்லை. முடிந்த பிறகோ, கூட்டுச் சேர்ந்தவர்களுக்குத் தங்களுக்குள் எல்லாம் முன்பே தெரியும், தெரியாதது மக்களுக்கு மட்டுமே. தோற்றவர்களின் விலையும் சேர்ந்து வெளிவந்தால், அதே இருவர் முறைவைத்துத் தோற்பது பட்டியலில் கண்ணுக்குத் தெரியும். உக்ரைன் 2016 முதல் தன் அரசுக் கொள்முதல் தளமான புரோசோரோவில் இவற்றைத் திறந்துவைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

நம் கரையிலேயே பேரூரில், ஜப்பானியக் கடனுதவியோடு, 4,276 கோடி ரூபாயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திட்டமிடப்பட்டது. அதைக் கண்காணிக்கக் கடன் கொடுத்தவர் இருக்கிறார், பத்திரிகைகள் இருக்கின்றன. ஐந்து லட்ச ரூபாய்க் கால்வாய்க்கு அந்தத் தெருக்காரர்களை விட்டால் வேறு கண் இல்லை. ஆகவே திருக்கழுக்குன்றம் ஊராட்சி ஒன்றியத்தில் தொடங்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே எண் கொடுத்து, மதிப்பீடு முதல் கடைசி பில் வரை தமிழில், ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் அட்டவணைக் கோப்பாக, மாதந்தோறும் வெளியிடவும், அந்த எண்ணை வேலையிடத்துப் பலகையில் எழுதவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில் செயலாளர், அணுபுரம்.