தானே சமன்படும் தரையா?

தம் வீட்டுத் தரையை முதன்முறையாகத் தாமே சமன்படுத்த முனைவோரைச் ‘செல்ஃப் லெவலிங்’ என்னும் பெயரே ஏமாற்றிவிடுகிறது. நீரில் கலந்து ஊற்றினால் கலவை தானே பரவும் என்பது ஓரளவே உண்மை. பெரும்பகுதி வேலை ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கிப் பிரைமர் பூசாவிட்டால், பழைய கான்கிரீட் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பரவல் தடைப்படும், ஊசித்துளைகள் தோன்றும். எளிதில் பரவட்டுமென்று நீரைக் கூட்டினாலோ, மேற்பரப்பு வலுவிழந்து மாவாய் உதிரும். கலந்தபின் கையிலிருப்பது பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்கள். கோடை வெப்பத்தில் அதுவும் குறையும்.

இவற்றை மூட்டையின் மீது அச்சிட்டுவிடலாம். எங்கே சமன் வேண்டும், எங்கே கூடாது என்னும் தெளிவை அச்சிட இயலாது. நீர்விட்டுக் கழுவும் நம் குளியலறைக்கும் பால்கனிக்கும் வேண்டியது வாட்டம். ரசமட்டமும் டியூப் மட்டமும் கொண்டு கொத்தனார் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966இல் ஒரு நூலே வெளியிட்டார். கருத்தரங்குகளில் அவரை மேற்கோள் காட்டும் நாம், கொத்தனாரின் அறிவை ‘உடலுழைப்பு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கட்டடப் பொறியியல் மாணவர்கள் ஒரு பருவமேனும் கொத்தனாரிடம் பாடம் கேட்க வேண்டும். அதற்கு ஆசிரியருக்குரிய மதிப்பூதியத்தைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்க வேண்டும்.